கைக்கடிகாரத்துக்கு நைலான் வார்



பால்மரத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு நேரத்தின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் மரப்பட்டைக்குள் பாலின் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற அந்த அழுத்தம் குறைந்து, வெட்டுக்காயத்தில் பால் ஓடுவதும் குறைந்துவிடும். ஆகவே பொழுது புலர்வதற்கு முன்பே எழுந்து, பெரட்டுக்குப் போய், நிரைக்குப் போக வேண்டும். அந்தக் காலத்தில் மணியடித்து எழுப்பினார்கள். பிறகு ஆளுக்கொரு கைக்கடிகாரம் வந்தது. ஒரு குடும்பத்தில் முதல் கைக்கடிகாரம் வந்த நாள், முதல் சைக்கிள் வந்த நாளைப் போலவே மறக்க முடியாத நாள்.

அப்படிப்பட்ட கைக்கடிகாரத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். கடிகாரத்தின் உள்ளே இருக்கும் எந்திரத்தைப் பற்றியல்ல. அதை மணிக்கட்டோடு பிடித்துக்கொண்டிருக்கும் பட்டையைப் பற்றி. உலோகத்தாலான பட்டையை நாம் சங்கிலி என்போம். துணியாலோ தோலாலோ ஆனதை வார் என்போம். சங்கிலியைக் கழற்றிவிட்டு நைலான் வாரை மாட்டுவது ஏன், எப்படி என்பதே இன்றைய பேச்சு. இதற்கு ஒரு பேச்சா என்று நினைக்க வேண்டாம். நான் அறிந்த ஒரு வீட்டில், இந்தச் சின்ன விஷயம் ஒரு தகப்பனுக்கும் மகனுக்கும் நடுவே மனத்தாங்கலாக வளர இருந்தது.

அந்த வீட்டுப் பையன் பட்டணத்துத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, முதல் மாதச் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிவந்தான். தங்கம்போல் பளபளக்கும் மஞ்சள் சங்கிலி. அப்பா இரண்டு மாதம் கட்டினார். அதன்பின் அது அலமாரிக்குள் போய்விட்டது. பையன் ஊருக்கு வரும்போதெல்லாம் வெறுங்கையைப் பார்ப்பான். ஒன்றும் கேட்க மாட்டான். அப்பாவும் ஒன்றும் சொல்ல மாட்டார். நான்தான் ஒருநாள் கேட்டேன்: "ஏன் அண்ணே, தம்பி வாங்கிக் கொடுத்த கடிகாரம் எங்கே?"

அவர் சட்டைக் கையை ஒதுக்கிக் காட்டினார். மணிக்கட்டைச் சுற்றிச் சிவந்து, தடித்து, சில இடங்களில் நீர் கசிந்து ஆறிய தழும்பு. "கட்டினா அரிக்குது தம்பி. எண்ணெய் பூசிப் பார்த்தேன், நிக்கலே. பையன்கிட்டே சொன்னா மனசு கஷ்டப்படுவான். நீங்களும் சொல்லிடாதீங்க" என்றார்.

நேயர்களே, அந்த அரிப்புக்குக் காரணம் என்ன? விலை குறைந்த மஞ்சள் சங்கிலிகளில் பெரும்பாலானவை பித்தளை போன்ற சாதாரண உலோகத்தால் செய்யப்பட்டவை. அதன்மேல் நிக்கல் என்னும் வெள்ளை உலோகத்தைப் பூசி, அதற்கும் மேலே மெல்லிய தங்க நிறப் பூச்சுக் கொடுத்திருப்பார்கள். கொஞ்ச நாளில் மேற்பூச்சுத் தேய்ந்துவிடும். அப்போது நிக்கல் நேராகத் தோலைத் தொடும். நம் வேர்வையில் உப்பு இருக்கிறது. அந்த உப்பு நிக்கலைச் சிறிது சிறிதாகக் கரைத்துத் தோலுக்குள் சேர்க்கிறது. சிலருடைய உடம்பு அதை எதிரியாக எண்ணிப் போராடத் தொடங்குகிறது. அதுவே அரிப்பு, தடிப்பு, நீர்க்கொப்புளம். இதை நிக்கல் ஒவ்வாமை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இது ஒருவருக்கு ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் இருக்கும். மருந்து பூசினால் புண் ஆறும். ஆனால் உலோகம் மறுபடியும் பட்டால் ஒன்றிரண்டு நாளில் அரிப்புத் திரும்ப வந்துவிடும். ஆகவே இதற்குச் சிறந்த வைத்தியம், அந்த உலோகத்தை விலக்குவதுதான்.

இதிலே தாய்மார்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த ஒவ்வாமை பலருக்குத் தொடங்குவது கைக்கடிகாரத்தில் அல்ல, காது குத்தும்போதுதான். குத்திய புண் ஆறுவதற்கு முன்பே மலிவான கவரிங் தோட்டைப் போட்டால், நிக்கல் நேராகப் புண்ணுக்குள் போகிறது. அந்தப் பெண் பிள்ளைக்குப் பின்னாளில் கடிகாரச் சங்கிலி பட்டாலும் அரிக்கும். கால்சட்டைப் பொத்தான் பட்ட தொப்புளடியிலும் அரிக்கும். புண் ஆறும்வரை நல்ல தங்கம், அல்லது நிக்கல் இல்லாதது என்று கடைக்காரர் உறுதி கூறும் தோடு போடுவதே நல்லது. ஐரோப்பிய நாடுகளில் 1994ஆம் ஆண்டிலேயே, தோலில் படும் நகைகளும் கடிகாரங்களும் எவ்வளவு நிக்கலை வெளிவிடலாம் என்று விதி இயற்றினார்கள். அந்த அளவுக்கு இது பரவலான தொல்லை.

எல்லாச் சங்கிலியும் கெட்டதா என்றால், இல்லை. நல்ல துருப்பிடிக்காத எஃகிலும் நிக்கல் இருக்கிறது. ஆனால் அது எஃகுக்குள் இறுகப் பிணைந்திருப்பதால், மிகச் சிறிதளவே வெளியே வரும். பலர் அதை ஆண்டுக்கணக்கில் தொல்லையின்றிக் கட்டுகிறார்கள். அதுபோலவே, எல்லா அரிப்பும் நிக்கலால் வருவதும் அல்ல. சங்கிலிக் கண்ணிகளுக்கு இடையே வேர்வையும் சோப்பும் அழுக்கும் தேங்கி நின்றாலும் தோல் புண்ணாகும்.

தோட்ட வேலையில் சங்கிலிக்கு இன்னொரு பகையும் உண்டு. பால் உறையாமல் இருக்க அமோனியா சேர்ப்பதை நீங்கள் அறிவீர்கள். அமோனியா பித்தளைக்கு ஆகாது. வளைத்து அழுத்திச் செய்த பித்தளையில் அமோனியா பட்டுக்கொண்டேயிருந்தால், அது மயிரிழைபோல் வெடித்துவிடும். முன்னாளில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் இராணுவத்தின் பித்தளைத் தோட்டாக்கள் மழைக்காலத்தில் காரணம் தெரியாமல் வெடிப்பு விட்டன. குதிரை லாயத்திலிருந்து வந்த அமோனியாவே அதற்குக் காரணம் என்று பிறகு கண்டார்கள். பால் வாளியைத் தூக்குகிறவரின் மலிவான சங்கிலி சீக்கிரம் கண்ணிவிட்டுப் போவதில் வியப்பில்லை.

சரி, நைலான் வாரில் என்ன சிறப்பு? நைலானை 1935ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்து ஆய்வுக்கூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் என்னும் வேதியியலாளரின் குழு உண்டாக்கியது. 1938இல் அது முதன்முதலாகப் பல்துலக்கும் பிரஷ்ஷின் நாராகக் கடைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் பாராசூட் துணியாகவும் கயிறாகவும் ஆனது. ஆள் பாரத்தைத் தாங்கும் நார், கைக்கடிகாரத்தைத் தாங்குவதற்குக் கேட்பானேன்? மேலும் அது தண்ணீரை அதிகம் குடிப்பதில்லை. ஒரே ஈரக்காற்றில் பருத்தி ஏழெட்டு விழுக்காடு ஈரத்தை ஏற்றால், நைலான் சுமார் நான்கு விழுக்காடுதான் ஏற்கும். ஆகவே சீக்கிரம் உலர்கிறது. துருப்பிடிப்பதில்லை. எடையோ சங்கிலியின் எடையில் ஒரு சிறு பங்குதான்.

கைக்கடிகாரத்துக்கும் போருக்கும் தொடர்பு உண்டு. முதல் உலகப் போருக்கு முன்பு ஆண்கள் சட்டைப்பையில் கடிகாரம் வைத்திருந்தார்கள். கையில் கட்டுவது பெண்களின் அணிகலன் என்று எண்ணினார்கள். பதுங்குகுழியில் பையைத் துழாவ நேரமில்லாததால் படைவீரர்கள் கையில் கட்டத் தொடங்கினார்கள். பிறகு 1973ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சு, தன் வீரர்களுக்கான நைலான் வாருக்கு ஓர் அளவுத்திட்டம் வகுத்தது. சாம்பல் நிறம், இருபது மில்லிமீட்டர் அகலம். அதைப் பெற வீரர்கள் நிரப்பிய படிவத்தின் எண் ஜி 1098. அதனால் அதற்கு ஜி 10 வார் என்று பெயர். இன்று கடைகளில் நேட்டோ வார் என்று விற்பது இதன் வழிவந்ததுதான்.

அந்த வாரின் அமைப்பிலே ஒரு நல்ல யுக்தி இருக்கிறது. சாதாரண வார் இரண்டு துண்டு. கடிகாரத்தின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் காதுபோல் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், ஒவ்வொரு துண்டையும் ஒரு ஸ்பிரிங் ஊசி பிடித்திருக்கும். ஓர் ஊசி கழன்றால் கடிகாரம் தரையில்தான். ஆனால் இந்த நைலான் வார் ஒரே துண்டு. இரண்டு ஊசிகளுக்கும் அடியில் நுழைந்து, கடிகாரத்தின் முதுகின்மேல் ஓடுகிறது. ஓர் ஊசி போனாலும் மற்ற ஊசியில் கடிகாரம் தொங்கிக்கொண்டிருக்கும். வாய்க்காலிலே விழுந்து காணாமற்போகாது. அதோடு, கடிகாரத்தின் முதுகு உலோகமும் தோலில் படாமல் வார் இடையே நிற்கிறது. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது இரட்டை நன்மை.

இனி, வீட்டிலேயே மாற்றும் முறையைப் பார்ப்போம்.

முதலில் அளவு. பள்ளிக்குப் போகும் பிள்ளையின் அடிக்கோலை வாங்கி, கடிகாரத்தின் இரண்டு காதுகளுக்கும் இடையே உள்ள உள்பக்க இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். ஆண்கள் கடிகாரங்களில் பெரும்பாலும் பதினெட்டு, இருபது, இருபத்திரண்டு இருக்கும். பெண்கள் கடிகாரங்களில் இன்னும் குறைவு. அந்த அளவையே கடைக்காரரிடம் சொல்லுங்கள். பசார் மாலாமிலும் கிடைக்கும். சில வெள்ளியில் முடிந்துவிடும். பக்கிளும் வளையங்களும் துருப்பிடிக்காத எஃகா என்று கேட்டு வாங்குங்கள். தையலுக்குப் பதில் சூட்டினால் ஒட்டியிருந்தால், விரலால் பலமாக இழுத்துப் பாருங்கள். சங்கிலியும் கடிகாரமும் ஒரே உடலாய் வார்க்கப்பட்டு, காதே இல்லாத கடிகாரங்களும் உண்டு. அவற்றுக்கு இந்த வார் பொருந்தாது. வாங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, கழற்றுதல். மேசைமேல் மெத்தென்ற துணியை விரித்து, கடிகாரத்தைக் குப்புற வையுங்கள். ஸ்பிரிங் ஊசி என்பது, உள்ளே சுருள்கம்பி வைத்த சிறு குழாய். இரு முனையும் காதிலுள்ள குழியில் செருகியிருக்கும். ஒரு முனையை மெல்லிய திருப்புளியின் நுனியால் உள்நோக்கித் தள்ளினால் குழியிலிருந்து விடுபடும். காதின் வெளிப்பக்கத்தில் துளை இருந்தால், அதன் வழியாகவே குண்டூசியால் அழுத்தலாம். விடுபட்ட ஊசி வெட்டுக்கிளிபோல் பாய்ந்து ஓடிவிடும். அதைத் தடுக்க, கையையும் கடிகாரத்தையும் ஒரு தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் வைத்து வேலை செய்யுங்கள். கண்ணை அருகே கொண்டுபோக வேண்டாம்.

மூன்றாவது, துப்புரவு. சங்கிலி இருந்த இடத்தில் பல ஆண்டு அழுக்குச் சேர்ந்திருக்கும். பழைய பல்பிரஷ்ஷைச் சிறிது நனைத்து, காதுகளின் உட்புறத்தைத் துடையுங்கள். கடிகாரத்தைத் தண்ணீரில் முக்கக்கூடாது. முப்பது மீட்டர் என்று முதுகில் எழுதியிருந்தாலும், அது மழைத்துளிக்கும் கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீருக்கும் சொன்னது. ஆற்றில் நீந்துவதற்குச் சொன்னதல்ல. ஊசிகளையும் பாருங்கள். வளைந்திருந்தாலோ துருப்பிடித்திருந்தாலோ புதிது போடுங்கள். ஊசி சில காசு. கடிகாரமோ பல நாள் கூலி.

நான்காவது, மாட்டுதல். வாரைக் கோர்ப்பதற்கு முன்பே இரண்டு ஊசிகளையும் வெறுமனே கடிகாரத்தில் மாட்டிவிட வேண்டும். ஒரு முனையைக் குழியில் வைத்து, மறு முனையை அழுத்தி நகர்த்தினால் 'டிக்' என்று விழும். விரலால் இழுத்து, அசையவில்லை என்று உறுதி செய்யுங்கள். இப்போது வாரின் நீண்ட முனையைப் பன்னிரண்டு மணிப் பக்கத்தில், ஊசிக்கும் கடிகாரத்துக்கும் நடுவே மேலிருந்து கீழே நுழையுங்கள். அதை முதுகின்மேல் ஓட்டி, ஆறு மணிப் பக்கத்தில் ஊசிக்கு உள்பக்கமாக மேலே எடுங்கள். வாரில் குட்டையான இன்னொரு பட்டி தைத்திருக்கும். அதன் நுனியிலுள்ள வளையத்துக்குள் நீண்ட முனையை விட்டு இழுங்கள். அவ்வளவுதான். பக்கிள் பன்னிரண்டு மணிப் பக்கத்தில் இருக்க வேண்டும். கட்டியபின் வாருக்கும் கைக்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும். வெயிலில் கை சற்று வீங்கும். அப்போது ஒரு துளை தளர்த்திக்கொள்ளலாம். சங்கிலியில் இந்த வசதி எளிதில் கிடைக்காது.

கழற்றிய சங்கிலியை எறிந்துவிடாதீர்கள். கழுவி உலர்த்தி ஒரு டப்பாவில் வையுங்கள். பின்னால் விற்பதானாலும், பிள்ளைக்குக் கொடுப்பதானாலும் அது வேண்டியிருக்கும்.

நைலானுக்கும் குறைகள் உண்டு, அவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, பாலை உறைய வைக்க நாம் ஊற்றும் அமிலம். மலாய்க்காரர்கள் அதைச் சுக்கா கெத்தா என்பார்கள். அதன் வேதியியல் பெயர் பார்மிக் அமிலம். எறும்புக் கடியில் எரிச்சலைத் தருவதும் இதுவே. தண்ணீர் கலக்காத இந்த அமிலம் நைலானைக் கரைத்துவிடும். துணி ஆய்வுக்கூடங்களில், கலப்புத் துணியிலிருந்து நைலானைப் பிரித்தெடுக்கவே இதைப் பயன்படுத்துகிறார்கள் என்றால் பாருங்கள். அமிலத்தைக் கையாளும்போது கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கையுறை போடுங்கள். வாரில் அமிலம் பட்டால், வாரைவிடக் கைக்குத்தான் ஆபத்து. துணி அமிலத்தைத் தோலோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். உடனே வாரைக் கழற்றி, கையை நிறையத் தண்ணீர் ஊற்றி நெடுநேரம் கழுவ வேண்டும்.

இரண்டாவது, களைக்கொல்லி. இதே காரணத்தால், மருந்து அடிக்கும்போது எந்த வாரும் கையில் இருக்கக்கூடாது. மலேசியாவில் பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை 2020ஆம் ஆண்டு முதல் முற்றாகத் தடை செய்துவிட்டார்கள். ஆனாலும் மற்ற மருந்துகள் விளையாட்டுப் பொருள்கள் அல்ல. அவற்றை உறிஞ்சிய துணி மாலைவரை மணிக்கட்டில் இருந்தால் தோல் என்ன ஆகும்?

மூன்றாவது, உருளை மெஷின். பால்கட்டியைத் தகடாக்கும் மெஷினுக்கு அருகே சங்கிலியும் ஆகாது, நைலான் வாரும் ஆகாது. நைலான் அறுந்து கொடுக்காது என்று சற்றுமுன் புகழ்ந்தேன் அல்லவா? அந்தப் புகழே இங்கு பகை. உருளை வாரைப் பிடித்தால், வார் அறுவதற்கு முன் கை உள்ளே போய்விடும். அங்கே வெறுங்கையே பாதுகாப்பு. மோட்டார் சைக்கிள், லாரி பேட்டரியைத் திறக்கும்போதும் சங்கிலியைக் கழற்றிவிட வேண்டும். பேட்டரி முனையையும் வண்டியின் இரும்பையும் சங்கிலி சேர்த்துத் தொட்டால், கண நேரத்தில் பழுக்கக் காய்ந்து கையைச் சுட்டுவிடும்.

நான்காவது, நெருப்பு. வாரின் நுனி நார்நாராகப் பிரிந்தால் நெருப்பில் லேசாகக் காட்டி உருக்கி அடைப்பது வழக்கம். நைலான் ஏறத்தாழ 260 டிகிரி வெப்பத்தில் உருகும். உருகிய துளி தோலில் விழுந்தால் ஒட்டிக்கொண்டு சுடும். பெரியவர்களே செய்ய வேண்டும். ஊதி அணைத்து, ஆறியபின்தான் தொட வேண்டும்.

பராமரிப்பு எளிது. வாரம் ஒருமுறை வாரை மட்டும் உருவியெடுத்து, துணி சோப்பால் தேய்த்து, நன்றாக அலசி, நிழலில் உலர்த்துங்கள். கடும் வெயில் ஆண்டுக்கணக்கில் பட்டால் நைலானும் வலுவிழக்கும். துவைக்காத வார் நாற்றமடிக்கும். அந்த அழுக்கே மறுபடியும் தோலைப் புண்ணாக்கும். வாரை மாற்றியும் இரண்டு வாரத்தில் அரிப்பு அடங்காவிட்டால், எண்ணெயும் களிம்பும் மாற்றி மாற்றிப் பூசிக்கொண்டிராமல், அரசாங்க மருந்தகத்தில் காட்டுங்கள். பழைய சங்கிலியையும் கூடவே கொண்டுபோய்க் காட்டினால் மருத்துவருக்கு உதவியாயிருக்கும்.

அந்தத் தகப்பனின் கதையை முடிக்கவில்லையே! அவர் சொல்ல வேண்டாம் என்றார், நானும் சொல்லவில்லை. அடுத்த முறை பட்டணம் போனபோது, அளவு பார்த்து ஒரு நீல நைலான் வார் வாங்கிவந்து, அவர் வீட்டு மேசையிலேயே மாட்டிக் கொடுத்தேன். அரைமணி நேர வேலை. தீபாவளிக்குப் பையன் வந்தான். அப்பாவின் கையில் கடிகாரத்தைக் கண்டான். "சங்கிலி எங்கேப்பா?" என்று கேட்டான். அப்போதுதான் அவர் தழும்பைக் காட்டினார். பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பவே சொல்லியிருக்கலாமேப்பா, நான் கொடுத்தது பிடிக்கலேன்னு நினைச்சிட்டேன்" என்றான்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் சங்கிலி அறுந்தோ, கை அரித்தோ ஒரு கடிகாரம் கட்டப்படாமல் கிடக்கலாம். அதை இன்று மாலை எடுத்துப் பாருங்கள். பிள்ளையிடம் அடிக்கோலைக் கேட்டு வாங்கி, காதின் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். யாராவது அதை உங்களுக்கு ஆசையோடு வாங்கித் தந்திருந்தால், அரிக்கிறது என்பதையும் அவர்களிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.